ஒரு சேகரமும் ஒரு மொழியும்: வேல்ஸ் நாட்டு லான்ரையாதர்

1. பொருளும் எல்லையும்

வேல்ஸ் நாட்டின் வரலாறு பெரும்பாலும் இரண்டு இடங்களிலிருந்து தொடங்கி எழுதப்படுகிறது. ஒன்று, 1282-83இல் அந்நாட்டை வென்ற இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்ட் கானார்வனிலும் கான்வியிலும் எழுப்பிய கற்கோட்டைகள். மற்றொன்று, 19ஆம் நூற்றாண்டில் ரோந்தா முதலிய தென்பகுதிப் பள்ளத்தாக்குகளை நிறைத்த நிலக்கரிச் சுரங்கங்கள். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஐந்நூறு ஆண்டுகளில் அந்நாட்டு மக்களுள் மிகப் பெரும்பாலோர் கோட்டை நகரங்களில் குடியிருக்கவும் இல்லை, சுரங்கங்களில் உழைக்கவும் இல்லை. மலைச்சரிவுகளில் ஆடுமாடு வளர்த்தும், பள்ளத்தாக்கின் சிறு வயல்களில் ஓட்ஸ் பயிரிட்டும், தம் ஊர் ஆலயத்தைச் சுற்றி அமைந்த குறுகிய வட்டத்துக்குள் பிறந்து, மணந்து, அதே ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாயினர். ஒரு குருவின் பொறுப்பில் விடப்பட்ட அந்த வட்டத்தைத் தமிழ்நாட்டுச் சீர்திருத்தத் திருச்சபையார் சேகரம் என்றும் கத்தோலிக்கர் பங்கு என்றும் வழங்குவர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேகரம் என்பது வழிபாட்டு அலகாக மட்டும் நின்றுவிடவில்லை. 1538 முதல் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுவதும், 16ஆம் நூற்றாண்டு முதல் சாலைகளைச் செப்பனிடுவதும், 1601ஆம் ஆண்டு வறியோர் சட்டப்படி வரி தண்டி ஏழைகளுக்கு உதவுவதும் அதன் கடமைகளாக இருந்தன.

அத்தகைய சேகரம் ஒன்றை அதன் நிலம், ஆட்சி, சமயம், மொழி ஆகிய நான்கு கோணங்களிலும் நோக்குவது இச்சொற்பொழிவின் பொருள். அதற்கென எடுத்துக்கொள்ளப்பட்டது, வடகிழக்கு வேல்ஸில் பெர்வின் மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த லான்ரையாதர்-அம்-மொக்னன்ட் என்னும் சிற்றூர். ஆயிரம் பேர் என்ற அளவை ஒட்டிய மக்கள்தொகை உடைய அவ்வூர் அரசியல் எல்லைக்கோடு ஒன்றால் பல நூற்றாண்டுகள் இரண்டாகப் பிரிந்து கிடந்தும் ஒரே சேகரமாக நிலைத்தது; வேல்ஸ் மொழியின் போக்கையே மாற்றிய நூலொன்று அதன் குருமனையில் உருவாயிற்று. அரசவையும் பல்கலைக்கழகமும் தலைநகரமும் இல்லாத ஒரு மொழி பிழைத்ததற்குச் சேகரம் என்ற அமைப்பே முதன்மைக் காரணம் என்பதும், அந்த அமைப்பும் சட்டத்தின் ஆணையும் மக்களின் பழக்கமும் ஒன்றுகூடிய காலத்தில்தான் பயன் தந்தது என்பதும் இங்கே நிறுவப்படும் கருத்துகள்.

2. நிலம்

பெர்வின் மலைத்தொடரின் உயர்ந்த சிகரமான கடைர் பெர்வின் 832 மீட்டர் உயரமுடையது. அதன் அருகிலுள்ள மேட்டுச் சதுப்பு நிலங்களிலிருந்து வடியும் டிஸ்கன்வா என்னும் ஓடை, பள்ளத்தாக்கின் தலைப்பில் செங்குத்தான பாறைமுகத்தை அடைந்து, ஏறத்தாழ 73 மீட்டர் உயரத்திலிருந்து மூன்று கட்டமாக விழுகிறது. இடையே பாறையில் இயற்கையாகக் குடைந்த வளைவு ஒன்றின் கீழ் அந்நீர் நுழைந்து வெளிவருகிறது. பிஸ்டில் ரையாதர் எனப்படும் இந்த அருவி, வேல்ஸின் ஏழு அதிசயங்களைப் பட்டியலிடும் பழைய ஆங்கிலச் செய்யுள் ஒன்றில் இடம்பெற்றதால் வெளியுலகில் அறியப்பட்டது. அருவிக்குக் கீழே ஓடை ரையாதர் ஆறு என்ற பெயர் பெற்று, ஆறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவிலுள்ள ஊரைக் கடந்து, டானட் ஆற்றோடு கலக்கிறது. டானட் வெர்னுவியிலும் வெர்னுவி செவர்னிலும் சேர, அருவியின் நீர் இறுதியில் இங்கிலாந்து வழியாகவே கடலை அடைகிறது. ஊர்ப்பெயரின் பகுதிகளான 'லான்' என்பது வேலியிட்ட ஆலய வளாகத்தையும், 'ரையாதர்' அருவியையும், 'மொக்னன்ட்' அவ்வட்டாரத்தின் பண்டைய ஆட்சிப் பிரிவையும் குறிப்பன.

மலைச் சேகரங்களின் பொருளியல் உயரத்தைப் பொறுத்தே அமைந்தது. குளிர்காலத்தில் குடும்பமும் கால்நடையும் பள்ளத்தாக்கிலுள்ள 'ஹென்ட்ரே' எனப்படும் நிலைவீட்டில் தங்க, மே மாதம் தொடங்கிக் கோடை முழுதும் மந்தையோடு ஒரு பகுதியினர் 'ஹவோட்' எனப்படும் மேட்டுக் குடிலுக்கு ஏறிச்சென்று, அங்கே பால் கறந்து வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் செய்தனர். இந்த இருவீட்டு வழக்கம் 18ஆம் நூற்றாண்டுக்குப் பின் மறைந்துவிட்டாலும், அவ்விரு சொற்களும் வேல்ஸ் முழுவதும் பண்ணைப் பெயர்களில் நிலைத்துவிட்டன. விளைநிலம் குறைந்து மேய்ச்சல் நிலம் மிகுந்த இத்தகைய நாட்டில் வீடுகள் நெருங்கி ஊராகத் திரளுவதில்லை. ஒவ்வொரு பண்ணையும் தன் சரிவில் தனித்து நிற்கும். ஆதலால் சிதறிக் கிடந்த பண்ணைகளின் மக்கள் ஒருவரையொருவர் முறையாகச் சந்திக்கும் இடம், ஆலயத்தையும் அதையொட்டிய சந்தையையும் தவிர வேறு இருக்கவில்லை. சேகரத்தின் செல்வாக்கை விளங்கிக்கொள்ள இந்தக் குடியிருப்பு முறையை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

3. ஆறு பிரித்தது, ஆலயம் சேர்த்தது

ஆலயம் டோக்வன் என்னும் பழைய வேல்ஸ் புனிதரின் பெயரில் நிறுவப்பட்டது. இடைக்காலத்தின் முற்பகுதியில் அது மொக்னன்ட் வட்டாரம் முழுமைக்கும் தாய் ஆலயமாக, 'க்லாஸ்' என்ற அமைப்பாக இயங்கியது. க்லாஸ் என்பது ஒரு தலைவரின் கீழ்ப் பல குருமார் கூடி வாழ்ந்து, ஆலய நிலத்தின் வருவாயைப் பகிர்ந்துகொண்ட சமூகம்; அவர்கள் மணம் புரிந்துகொண்டதும், உரிமை தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றதும் உண்டு. நார்மானியர் வருகைக்குப் பின் திருமண்டலங்களும் சேகர எல்லைகளும் வரையறுக்கப்பட்டபோது பழைய க்லாஸ்கள் சாதாரணச் சேகர ஆலயங்களாயின. ஆலயத்தினுள் பாதுகாக்கப்படும், 9 அல்லது 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் சிலுவைக் கற்பலகை ஒன்றில், எதெல்ஸ்தானின் மகன் ஒருவனது பெயர் இலத்தீனில் பொறிக்கப்பட்டுள்ளது. மகன் பெயர் வேல்ஸ் மரபினது, தந்தை பெயரோ ஆங்கிலோ-சாக்சன் மரபினது என்பது, எல்லைப்புற மக்களின் கலப்பு எவ்வளவு பழமையானது என்பதற்குச் சான்றாகிறது.

பொவிஸ் அரசு முழுவதையும் ஆண்ட இறுதி மன்னன் மடோக் அப் மரெடித் 1160இல் இறந்தபின் அந்நாடு அவன் உறவினரிடையே சிதறியது. 1166இல் அவன் மகன் ஒவைன் வகனும் மருமகன் முறையினனான கவிஞர்-அரசன் ஒவைன் கவெய்லியோக்கும் மொக்னன்டைக் கைப்பற்றித் தமக்குள் பங்கிட்டுக்கொண்டனர். ரையாதர் ஆறே பாகப்பிரிவினையின் கோடாயிற்று. ஆற்றுக்கு அப்பாலுள்ளது மொக்னன்ட் உவ்க் ரையாதர் என்றும், இப்பாலுள்ளது மொக்னன்ட் இஸ் ரையாதர் என்றும் வழங்கலாயின. வேல்ஸின் அரசியல் பிரிவுகள் பல இவ்வாறு உறவினரிடையே நேர்ந்த சொத்துப் பிரிவினையில் தோன்றியவை. ஆனால் அந்த அரசுகள் மறைந்த பின்னும் கோடு மறையவில்லை. 1536ஆம் ஆண்டு இணைப்புச் சட்டம் வேல்ஸை இங்கிலாந்தோடு சேர்த்துப் புதிய மாவட்டங்களை வகுத்தபோது, இஸ் ரையாதர் டென்பிஷயருக்கும் உவ்க் ரையாதர் மான்ட்கோமரிஷயருக்கும் சென்றன. ஒரே ஊரின் இரு கரையினரும் வெவ்வேறு மாவட்ட நீதிபதிகளுக்கு முன் நின்றனர்; வெவ்வேறு உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். 1974, 1996 ஆகிய இரு மறுசீரமைப்புகளுக்குப் பின்னரே வட்டாரம் முழுவதும் பொவிஸ் என்னும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தது.

இத்தனை காலமும் சேகரம் மட்டும் பிரியவில்லை. ஆற்றின் இரு கரையிலும் வாழ்ந்தோர் ஒரே ஆலயத்துக்குத் தசமபாகம் செலுத்தினர். தசமபாகம் என்பது விளைச்சலிலும் கால்நடைப் பெருக்கத்திலும் பத்தில் ஒரு பங்கு. ஒரே பதிவேட்டில் அவர்கள் பெயர்கள் ஏறின; ஒரே கல்லறைத் தோட்டத்தில் அவர்கள் புதைக்கப்பட்டனர். அரசு வகுத்த எல்லையைவிட வழிபாடு வகுத்த எல்லையே அன்றாட உறவுகளைத் தீர்மானித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

4. குருமனையில் உருவான நூல்

1536ஆம் ஆண்டுச் சட்டம் எல்லைகளை வகுத்ததோடு நில்லாமல், நீதிமன்றங்களின் மொழி ஆங்கிலமே என்றும், ஆங்கிலம் அறியாதவர் அரசுப் பதவி வகிக்க இயலாது என்றும் விதித்தது. சீர்திருத்த இயக்கத்தின் விளைவாக இலத்தீன் வழிபாடு நீங்கியபோது அதன் இடத்தையும் ஆங்கிலமே பிடித்தது. அக்காலத்து வேல்ஸ் மக்களுள் மிகப் பெரும்பான்மையினர் ஆங்கிலம் அறியாதவர்கள். மக்கள் புதிய சமயத்தை ஏற்காமல் பழைய கத்தோலிக்க நெறிக்கே திரும்பக்கூடும் என்ற அச்சம் அரசுக்கு எழ, 1563இல் நாடாளுமன்றம் தன் மொழிக் கொள்கைக்கு முரணான ஒரு சட்டத்தை இயற்றியது. வேல்ஸின் நான்கு பேராயர்களும், எல்லைப்புறத் திருமண்டலமான ஹெரஃபோர்டின் பேராயரும் வேதாகமத்தையும் பொது ஜெப நூலையும் 1567 மார்ச் 1ஆம் நாளுக்குள் வேல்ஸ் மொழியில் ஆக்கித் தரவேண்டும் என்பதே அது. ஆங்கில வேதாகமமும் அருகில் வைக்கப்பட வேண்டும், இரண்டையும் ஒப்பிட்டு மக்கள் ஆங்கிலம் கற்கட்டும் என்ற உட்கருத்தும் அச்சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. அரசின் நோக்கம் வேல்ஸ் மொழியை வளர்ப்பதன்று. சமய ஒற்றுமையை நிலைநாட்டுவதே.

1567இல் வில்லியம் சால்ஸ்பரி, பேராயர் ரிச்சர்ட் டேவிஸ், தாமஸ் ஹியூட் ஆகியோர் ஜெப நூலையும் புதிய ஏற்பாட்டையும் வெளியிட்டனர். அவற்றுள் பெரும்பகுதிக்கு உரியவரான சால்ஸ்பரி ஆழ்ந்த புலமையாளர்; ஆயினும் சொற்களின் இலத்தீன் வேர் கண்ணுக்குப் புலப்படவேண்டும் என்று கருதி, மக்கள் ஒலிக்கும் முறைக்கு மாறாக எழுத்துக்கூட்டினார். வேல்ஸ் மொழியில் சொல்லின் முதல் மெய், முன் நிற்கும் சொல்லுக்கேற்பத் திரியும். அத்திரிபுகளையும் அவர் பல இடங்களில் எழுத்தில் காட்டவில்லை. விளைவாக, உரக்க வாசித்துக் காட்டுவதற்கென்றே ஆக்கப்பட்ட நூல் சேகர ஆலயங்களில் வாசிப்பதற்கு இடர் தருவதாயிற்று. பழைய ஏற்பாடு தொடப்படவே இல்லை.

அந்தக் குறையை நீக்கியவர் 1578இல் லான்ரையாதரின் குருவாகப் பொறுப்பேற்ற வில்லியம் மோர்கன். 1545 அளவில் பென்மாக்னோ அருகே டி மவுர் விப்ர்னன்ட் என்னும் பண்ணையில் குத்தகை விவசாயி ஒருவருக்கு மகனாகப் பிறந்த அவர், கேம்பிரிட்ஜின் புனித யோவான் கல்லூரியில் ஊழியம் செய்து கட்டணச் சலுகை பெறும் ஏழை மாணவராகச் சேர்ந்து, எபிரேயமும் கிரேக்கமும் கற்றுத் தேர்ந்து, 1583இல் இறையியல் முனைவரானார். பின்னாளில் சங்கீதங்களை வேல்ஸ் செய்யுளாக்கிய எட்மண்ட் பிரைஸ் அங்கே அவருடைய உடன்மாணவர். கல்லூரியில் பெற்ற புலமையைப் பழைய ஏற்பாட்டின்மீது செலுத்திய இடமோ மலையடிவாரத்துக் குருமனை.

அங்கே அவருக்கு அமைதியான சூழல் வாய்க்கவில்லை. நிலக்கிழார் குடும்பம் ஒன்றின் திருமண ஏற்பாட்டில் மோர்கன் ஒரு பக்கம் சார்ந்ததாகக் கருதிய லோரன் உகாவைச் சேர்ந்த இயவன் மரெடித் என்பவர் அவருக்குப் பகைவரானார். இருவருக்கும் இடையே மூண்ட வழக்குகள் அரசின் உயர் நீதிமன்றமான ஸ்டார் சேம்பர் வரை சென்று ஆண்டுக்கணக்கில் நீடித்தன. குருவானவர் உடைக்குள் ஆயுதம் வைத்திருந்தார் என்பதும் சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று. இவ்வழக்கு ஆவணங்கள், 16ஆம் நூற்றாண்டுச் சேகரம் பற்றிய கனிந்த சித்திரங்களை மறுக்கின்றன. குரு என்பவர் ஆன்மிக வழிகாட்டி மட்டுமல்லர். தசமபாகம் பெறுபவர், நிலத் தகராறுகளில் தவிர்க்க இயலாமல் சிக்குபவர், உள்ளூர்ச் செல்வந்தரின் விருப்புவெறுப்புகளுக்கு இலக்காகுபவர். அத்தகைய பூசல்களுக்கு நடுவே, கான்டர்பரி தலைமைப் பேராயர் ஜான் விட்கிஃப்டின் ஊக்கத்தால் பணி நிறைவேறியது. அச்சுப் பணிக்காக லண்டன் சென்ற மோர்கன், வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத் தலைவரும் டென்பிஷயரின் ரூதின் ஊரினருமான கேப்ரியல் குட்மனின் இல்லத்தில் ஓராண்டளவு தங்கி மெய்ப்புத் திருத்தினார். 1588இல் முழு வேல்ஸ் வேதாகமமும் நூலாக வெளிவந்தது.

எலிசபெத் அரசிக்கு இலத்தீனில் எழுதிய காணிக்கை உரையில் மோர்கன் ஓர் எதிர்வாதத்தை முன்கூட்டியே எதிர்கொண்டார். வேல்ஸ் மக்களைத் தம் மொழியிலேயே விட்டுவைத்தால் நாட்டின் ஒற்றுமை குலையும், அவர்கள் ஆங்கிலம் கற்கட்டும் என்போருக்கு, அவர்கள் ஆங்கிலம் கற்று முடிக்கும் வரை இறைமொழியின்றிப் பட்டினியால் அழியவிடுவது தகுமா என்பதே அவர் அளித்த விடையின் சாரம். இது பல்கலைக்கழக அறிஞர் ஒருவரின் கோட்பாட்டு வாதமன்று. ஞாயிறுதோறும் தம்முன் அமர்ந்த மலைவாழ் விவசாயிகளின் முகங்களை அறிந்த சேகரக் குருவின் வாதம். அவருடைய மொழிநடையும் அந்த அனுபவத்தின் பயனே. சால்ஸ்பரியின் புதிய ஏற்பாட்டை அவர் திருத்தியபோது எழுத்துக்கூட்டலைப் பேச்சொலிக்கு இணங்கச் செய்தார். ஆனால் ஊர்ப் பேச்சுக்கு இறங்கிவிடாமல், தொழில்முறைப் புலவர்களின் செய்யுள் மரபில் பேணப்பட்டு வந்த செவ்விய மொழியை உரைநடைக்கு அடிப்படையாக்கினார். வட்டார வழக்குகளால் பிளவுபட்டிருந்த மொழிக்கு எல்லாரும் ஏற்கத்தக்க எழுத்துநடை ஒன்று அமைந்தது அப்போதுதான்.

1588 செப்டம்பரில் அரசியின் ஆலோசனை மன்றம் வேல்ஸ் பேராயர்களுக்கு அனுப்பிய மடல், கிறிஸ்துமஸுக்குள் ஒவ்வொரு சேகரமும் இந்நூலை வாங்கிவிடவேண்டும் என்று பணித்தது. நூலின் உண்மையான வெற்றி இந்த விநியோகத்தில் அடங்கியிருக்கிறது. வேல்ஸ் மொழியில் அதற்கு முன்பும் நூல்கள் அச்சேறியது உண்டு. ஆனால் நாட்டின் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு நூல் சென்று சேர்வதற்குரிய வலைப்பின்னல் சேகரம் ஒன்றுதான். மோர்கன் 1595இல் லான்டாஃபின் பேராயராகவும் 1601இல் புனித அசாஃபின் பேராயராகவும் உயர்ந்து 1604இல் இறந்தார். அவரிடம் பயின்றவராகக் கருதப்படும் மால்விட் குரு ஜான் டேவிஸும் பேராயர் ரிச்சர்ட் பாரியும் திருத்தி 1620இல் வெளியிட்ட பதிப்பு, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை வழக்கிலிருந்தது. ஜான் டேவிஸும் சிற்றூர்ச் சேகரத்தில் இருந்தவாறே 1621இல் வேல்ஸ் இலக்கணத்தையும் 1632இல் அகராதியையும் வெளியிட்டார்.

5. ஆணையிலிருந்து பழக்கத்துக்கு

ஆலயத்தில் ஒரு பிரதி இருப்பதாலேயே மக்கள் எழுத்தறிந்துவிடுவதில்லை. 1588ஆம் ஆண்டு நூல் மேசையில் வைத்து வாசிக்கும் பெரிய அளவினது; விலையும் விவசாயியின் கைக்கு எட்டாதது. 1630இல் ஐந்து ஷில்லிங் விலையில் சிறு வேதாகமம் வெளியான பின்னரே அது வீடுகளுக்குள் நுழையத் தொடங்கியது. அதை வாசிக்கக் கற்பித்தவர்களுள் தலையாயவர் தென்மேற்கு வேல்ஸின் லான்தௌரோர் சேகரக் குரு கிரிஃபித் ஜோன்ஸ். இவருடைய வரலாற்றில் தமிழ் மண்ணோடு தொடர்புடைய செய்தி ஒன்று உண்டு. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனில் தோன்றிய கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம், ஒரு பக்கம் வேல்ஸ் மொழி நூல்களை அச்சிட்டுப் பரப்பியது. மறுபக்கம் சீகன்பால்க் 1706இல் வந்திறங்கிய தரங்கம்பாடிப் பணிக்கு அச்சு இயந்திரமும் காகிதமும் பணமும் அனுப்பியது. அச்சங்கத்தின் சார்பில் தரங்கம்பாடிக்குச் செல்லும் அழைப்பு இளைஞரான ஜோன்ஸுக்கு வந்தது. அதை நெடிது எண்ணிப் பார்த்த அவர், தம் நாட்டு மக்களின் அறியாமையே தம்மை முதலில் வேண்டி நிற்கிறது என்று 1713இல் மறுத்துவிட்டார். சோழ மண்டலக் கடற்கரையில் தமிழிலும், வேல்ஸ் மலைகளில் வேல்ஸ் மொழியிலும், மக்கள் மொழியிலேயே மறைநூலை அச்சிட்டுக் கற்பிப்பது என்ற ஒரே கொள்கையை ஒரே சங்கம் ஒரே காலத்தில் ஆதரித்தது.

1731 அளவில் ஜோன்ஸ் தொடங்கிய சுற்றுப் பள்ளிகள் எளிய ஏற்பாட்டில் அமைந்தவை. பண்ணை வேலை குறையும் குளிர்காலத்தில் ஆசிரியர் ஒருவர் ஒரு சேகரத்துக்கு வந்து மூன்று மாதமளவு தங்கி, பகலில் சிறுவர்க்கும் இரவில் பெரியவர்க்கும் வேல்ஸ் வேதாகமத்தை வாசிக்கக் கற்பித்துவிட்டு அடுத்த ஊருக்குச் செல்வார். எழுதுவதும் கணக்கும் பாடத்தில் இல்லை. ஆலயமோ களஞ்சியமோ பள்ளிக்கூடமாயிற்று. ஜோன்ஸ் 1761இல் இறக்கும்போது மூவாயிரத்துக்கு மேற்பட்ட இத்தகைய பள்ளிகள் நடந்திருந்தன. பெர்வினுக்கு மறுபுறமுள்ள பாலா நகரைச் சேர்ந்த தாமஸ் சார்ல்ஸ் அதே நூற்றாண்டின் இறுதியில் ஞாயிறு பள்ளிகளைப் பரப்பியபோது இம்முயற்சி நிலைபெற்றது. ஆங்கிலத்தில் நடந்த அரசு அலுவல்களோ நிலக்கிழாரின் வரவேற்பறையோ தொடாத ஒரு முழு எழுத்துலகம், வாரத்தில் ஒரு நாள் வாசிப்பின் வாயிலாக விவசாயிகளிடையே உருவாயிற்று.

லான்ரையாதரின் பிற்காலக் குருக்களும் இந்த மரபுக்கு உரியவர்களே. 1837 முதல் 1849இல் இறக்கும் வரை அங்கே பணியாற்றிய வால்டர் டேவிஸ், க்வால்டர் மெகைன் என்ற புனைபெயரில் கவிஞராகவும் பதிப்பாளராகவும் புகழ்பெற்றவர். 1789ஆம் ஆண்டு எய்ஸ்டெத்வோட் எனப்படும் கவியரங்கப் போட்டிகளில் பரிசு பெற்றவர். வட வேல்ஸின் வேளாண்மை பற்றி அவர் எழுதி 1810இல் வெளிவந்த அறிக்கை இன்றும் பொருளியல் வரலாற்றாசிரியர்க்கு முதன்மைச் சான்று. சிற்றூர்க் குருமனைகள் வேல்ஸுக்குப் பல்கலைக்கழகத்தின் பணியைச் செய்தன என்று கூறுவது மிகையாகாது. அந்நாட்டின் முதல் பல்கலைக்கழகக் கல்லூரி அபரிஸ்ட்வித்தில் திறக்கப்பட்டதே 1872இல்தான்.

6. ஆலயத்தை விட்டு வெளியேறியோர்

வாசிக்கக் கற்ற மக்கள் தாமே சிந்திக்கவும் தலைப்பட்டனர். 18ஆம் நூற்றாண்டின் மெதடிஸ்ட் எழுச்சி, அரசுத் திருச்சபைக்கு இணங்காத சபைகளை ஊர்தோறும் தோற்றுவித்தது. அவை 'சேப்பல்' எனப்படும் எளிய கட்டடங்களில் கூடின. லான்ரையாதருக்குத் தெற்கே, லான்விஹங்கல் சேகரத்தின் டோல்வர் வாக் பண்ணையில் வாழ்ந்த ஆன் கிரிஃபித்ஸ் (1776–1805) இம்மாற்றத்தின் சிறந்த எடுத்துக்காட்டு. சேகர ஆலயத்தில் வளர்ந்து மெதடிஸ்ட் நெறியைத் தழுவிய அவர், 29 வயதில் இறப்பதற்குள் வாய்மொழியாகப் புனைந்த ஞானப்பாட்டுகள், அவர் வீட்டுப் பணிப்பெண் ரூத் எவன்ஸின் நினைவிலிருந்தே பெரும்பாலும் எழுதப்பட்டன. வேல்ஸ் சமயக் கவிதையின் உச்சமாக மதிக்கப்படும் அப்பாட்டுகளின் மொழி முழுதும் மோர்கனின் வேதாகமத்தில் தோய்ந்தது.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வழிபாட்டுக்குச் செல்வோருள் பெரும்பான்மையோர் சேப்பல்களிலேயே கூடினர். அவ்வாறு விலகியவர்களும் அரசுத் திருச்சபைக்குத் தசமபாகம் செலுத்தவேண்டும் என்ற சட்டம் நீடித்ததால் 1880களில் தசமபாகப் போர் எனப்படும் கிளர்ச்சி மூண்டது. டென்பிஷயரின் லாங்கும் ஊரில் 1887இல் நிகழ்ந்த மோதல் அதில் பெயர்பெற்றது. இதற்கு முன் 1847இல், வேல்ஸ் மொழி அறியாத மூன்று ஆங்கில வழக்கறிஞர்கள் தயாரித்த அரசுக் கல்வி அறிக்கை, வேல்ஸ் மொழியையும் சேப்பல் சமயத்தையும் மக்களின் ஒழுக்கக் கேட்டுக்குக் காரணமாகக் காட்டியிருந்தது; நீல நூல்களின் துரோகம் என்று இன்றும் குறிப்பிடப்படும் அந்நிகழ்வு, சேப்பலையும் மொழியையும் ஒரே தேசிய உரிமையாக மக்கள் மனத்தில் பிணைத்துவிட்டது. 1914ஆம் ஆண்டுச் சட்டம் 1920 மார்ச் 31இல் நடைமுறைக்கு வந்தபோது வேல்ஸில் திருச்சபை அரசுத் தொடர்பை இழந்தது. சேகரத்தின் உலகியல் கடமைகளோ அதற்கு முன்பே ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டன: ஏழைகளைக் காக்கும் பொறுப்பு 1834ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் லான்வல்லின் ஒன்றியத்துக்கும் அதன் வறியோர் இல்லத்துக்கும் சென்றது, 1894இல் தேர்தல் வழிச் சேகர மன்றங்கள் தோன்றின, 1974இல் அவையும் சமூக மன்றங்கள் எனப் பெயர் மாறின.

ஆலயத்துக்கும் சேப்பலுக்கும் இடைப்பட்ட இந்தப் பிளவை மீறி நின்ற வழக்கம் ஒன்று மொக்னன்ட் வட்டாரத்தின் தனிச்சிறப்பு. 'பிளகைன்' எனப்படும் அது, முன்னர்க் கிறிஸ்துமஸ் நாளில் கோழி கூவும் வேளைக்கு முன் மெழுகுவர்த்தி ஒளியில் நடந்த பாடல் வழிபாடு. இன்று டிசம்பர், ஜனவரி மாத மாலைகளில் ஆலயங்களிலும் சேப்பல்களிலும் நடைபெறுகிறது. சுருக்கமான ஜெபத்துக்குப் பின் குடும்பமாகவோ நண்பர் குழுவாகவோ வந்தோர், யாரும் பெயர் சொல்லி அழைக்காமலே, ஒருவர்பின் ஒருவராக முன்சென்று இசைக்கருவித் துணையின்றி ஒரு பாடலைப் பாடித் திரும்புவர். எல்லாரும் பாடி முடித்தபின் அதே வரிசையில் இரண்டாம் சுற்று தொடங்கும். ஒருவர் பாடியதை அன்று மற்றவர் பாடலாகாது என்பது எழுதா விதி. இறுதியில் ஆண்கள் யாவரும் கூடி ஒரு பாடல் பாட, பின்னர் இரவு விருந்து. குடும்பங்கள் தம் பாடல் ஏடுகளைத் தலைமுறை தலைமுறையாகக் கையளித்து வந்ததால் 17, 18ஆம் நூற்றாண்டுச் செய்யுள்கள் உயிரோடு நிலைத்தன. அண்டை ஊரான பென்-அ-பான்ட்-வவுரில் பிறந்த நான்சி ரிச்சர்ட்ஸ் (1888–1979), மூன்று வரிசைத் தந்தி கொண்ட வேல்ஸ் யாழின் மரபு அறுபடாமல் காத்ததும் இதே வட்டாரப் பண்பாட்டின் பகுதியே.

7. வெளியுலகின் வரவு

1774இல் வட வேல்ஸில் பயணம் செய்த அகராதி ஆசிரியர் சாமுவேல் ஜான்சன் லான்ரையாதர் குருவின் விருந்தினராகத் தங்கி அருவியைக் கண்டார். ஜார்ஜ் பாரோ தம் 1862ஆம் ஆண்டுப் பயண நூலில் அதை விவரித்தார். ஆனால் பயணிகளைவிட ஆழமான மாற்றத்தைக் கொண்டுவந்தவை தொழில் நகரங்கள். லிவர்பூல் மாநகராட்சி 1880களில் வெர்னுவி பள்ளத்தாக்கில் அணை கட்டியபோது, அண்டைச் சேகரமான லானூதின் தன் ஆலயம், சேப்பல்கள், ஏறத்தாழ நாற்பது வீடுகள் ஆகியவற்றோடு நீரில் மூழ்கியது. கல்லறைகளிலிருந்த எச்சங்களும் அகற்றப்பட்டுப் புதிய ஆலயத்தருகே மீண்டும் புதைக்கப்பட்டன. நூற்றாண்டுகள் நிலைத்த சேகரம் ஒன்று, தொலைவிலுள்ள நகரத்தின் குடிநீர்த் தேவைக்காக ஒரு சட்டத்தால் இடம்பெயர்க்கப்பட முடியும் என்பதை மொக்னன்ட் மக்கள் அருகிருந்தே கண்டனர். 1904இல் திறக்கப்பட்ட டானட் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை கற்சுரங்கப் பொருள்களுக்கும் கால்நடைக்கும் சிறிது காலம் உதவிற்று. பயணிகள் சேவை 1951இல் நின்றது. அதன் வழியே வந்தவர்களைவிட வெளியேறியவர்களே மிகுதி. 1995இல் வெளிவந்த, ஆங்கிலேய நில அளவையாளர் பற்றிய திரைப்படம் ஒன்று இவ்வூரில் படமாக்கப்பட்டதால் சுற்றுலா வளர்ந்தது. சிற்றூர் வீடுகளை ஓய்வு வாழ்க்கைக்காக வாங்குவோரும் பெருகினர்.

8. முடிவு

2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வேல்ஸ் மொழி பேசுவோர் ஏறத்தாழ 5,38,000 பேர், அதாவது மூன்று வயதுக்கு மேற்பட்ட மக்களுள் 17.8 விழுக்காடு, 2011இல் அது 19 விழுக்காடாக இருந்தது. 2050க்குள் பத்து இலட்சம் பேரை வேல்ஸ் பேசவைப்பது அந்நாட்டு அரசு 2017இல் அறிவித்த இலக்கு. 1536இல் விலக்கப்பட்ட மொழிக்கு இன்று சட்டம், பள்ளி, தொலைக்காட்சி யாவும் துணை நிற்கின்றன. ஆனால் அம்மொழி இயல்பாக ஒலித்த ஊர்ப்புறச் சேகரங்கள் மெலிந்துவிட்டன. லான்ரையாதரின் வரலாறு இந்த முரணை விளங்கவைக்கிறது. 1563ஆம் ஆண்டுச் சட்டம் மட்டும் மொழியைக் காத்திருக்க முடியாது. அச்சட்டத்தின் கீழ் முதலில் வெளிவந்த நூலே போதிய பயன் தரவில்லை. மக்களின் பழக்கம் மட்டும் அதைக் காத்திருக்கவும் முடியாது. எழுத்துநடையின்றி வட்டார வழக்குகளாகச் சிதறிய மொழிகள் அழிந்ததற்கு ஐரோப்பாவிலேயே சான்றுகள் உள்ளன. ஆணையிட்ட அரசும், மக்களின் காதை அறிந்த ஒரு புலவரும், வாரந்தோறும் கூடிய ஒரு சபையும் ஒரே அலகில் சந்தித்ததால்தான் மொழி நிலைத்தது.

வரலாற்றாய்வாளர்க்கு இதிலிருந்து கிடைக்கும் படிப்பினை தெளிவானது. ஒரு நாட்டின் மொழி எவ்வாறு வாழ்ந்தது என்பதை அறிய அரசாணைகளையும் இலக்கிய வரலாறுகளையும் மட்டும் படிப்பது போதாது. திருமுழுக்குப் பதிவேடுகள், வரிக் கணக்குகள், வழக்கு ஆவணங்கள், பாடல் ஏடுகள் என்று சிற்றூர் விட்டுச்சென்ற சான்றுகளை அவற்றோடு சேர்த்துப் படிக்கவேண்டும். அச்சான்றுகள் அழிவதற்கு முன் அவற்றைத் தொகுப்பதும் படியெடுப்பதும் எந்த மொழியின் ஆய்வாளர்க்கும் உரிய முதற்கடமை.